அனுப்பிய செய்தி படகுக்குப் போய்ச் சேர்ந்ததா? செயலி அறிவிப்புகள் இயங்கும் விதம்

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். மீன்வளத் துறை, கடலுக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டு வழங்குவதை நிறுத்திவைக்கும். மீனவர் குடியிருப்புகளில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பார்கள். பாம்பனிலிருந்து இயங்கும் ‘கடல் ஓசை’ 90.4 சமுதாய வானொலி அதையே மீனவர் பேச்சில் சொல்லும். இவற்றோடு கைபேசியும் இப்போது சேர்ந்துவிட்டது. காற்றின் வேகம், அலையின் உயரம், மீன் கிடைக்கும் இடம், ஏல விலை, பாம்பன் தூக்குப் பாலம் திறக்கும் நேரம் என்று எதையும் ஒரு செயலி வழியாக ஒரே நொடியில் எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்று சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் நினைப்பதில் வியப்பில்லை.

இது புதிய முயற்சியும் அல்ல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ என்ற பெயரில் மீனவர்களுக்கான கைபேசிச் சேவையை 2007 வாக்கிலேயே தொடங்கியது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், கடல் நிலவரத்தையும் மீன் கூடும் பகுதிகளையும் கடலோர மாநிலங்களின் மொழிகளிலேயே தருகிறது. தகவலுக்குப் பஞ்சமில்லை. அதை உரிய ஆளிடம் உரிய நேரத்தில் சேர்ப்பதில்தான் சிக்கல்.

செயலியில் அறிவிப்பு வசதியைப் பொருத்துவது விவரம் தெரிந்த ஒருவருக்கு ஓரிரு நாள் வேலை. அனுப்பும் செய்தி எவ்வளவு நேரம் செல்லுபடியாகும், எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும், யாருக்குப் போக வேண்டும், யாருக்குப் போகக் கூடாது என்று தீர்மானிப்பதுதான் பெரிய வேலை. அதைச் செய்யாமல் விட்டால், கரையில் அலுவலக மேசையில் இருப்பவருக்குத் திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று வரும். கடலில் இருப்பவரிடம் ஒன்றும் வந்திருக்காது. இரண்டு பேருக்கும் அது தெரியாது.

செய்தி போகும் வழி

பலரும் நினைப்பதுபோல நம் சர்வர், அதாவது செய்தியை அனுப்பும் நம் பக்கத்துக் கணினி, நேரடியாகக் கைபேசியோடு பேசுவதில்லை. நடுவில் ஒரு தரகர் இருக்கிறார். ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கூகுள், ஐபோன்களுக்கு ஆப்பிள். ஒவ்வொரு செயலியும் தனித்தனியாகத் தன் சர்வருடன் இணைப்பைத் திறந்துவைத்துக்கொண்டு ‘ஏதாவது செய்தி உண்டா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அதனால் போனில் ஒரே ஓர் இணைப்பு மட்டும் எப்போதும் உயிரோடு இருக்கும்படி அமைத்தார்கள். எல்லாச் செயலிகளின் செய்திகளும் அந்த ஒரே குழாயில்தான் வருகின்றன. ஆப்பிள் இந்தச் சேவையை 2009-இல் தொடங்கியது. கூகுள் 2010-இல் தொடங்கி, 2012-இல் ஒரு முறை மாற்றியமைத்து, 2016-இல் ‘ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங்’ என்ற இன்றைய வடிவத்துக்கு வந்தது. சுருக்கமாக எஃப்.சி.எம். என்பார்கள்.

செயலியை நிறுவி முதன்முறை திறந்தவுடன், அது எஃப்.சி.எம்.மிடம் பதிவு செய்துகொண்டு ஒரு நீண்ட எழுத்துக்கோவையைப் பெற்றுக்கொள்கிறது. அதுதான் டோக்கன். இந்தப் போனில் இருக்கும் இந்தச் செயலிக்கு உரிய முகவரி அது. செயலி அதை நம் சர்வருக்கு அனுப்பும். நாம் அதைச் சேமித்து வைக்க வேண்டும். பிறகு செய்தி அனுப்பும்போது, நம் சர்வர் கூகுளிடம் தன்னை யாரென்று நிரூபித்து, இந்த முகவரிக்கு இந்தச் செய்தி என்று ஒப்படைக்கும். ஐபோன்களுக்கும் எஃப்.சி.எம். வழியாகவே அனுப்பலாம், ஆப்பிள் தரும் சாவிக் கோப்பை ஒருமுறை ஃபயர்பேஸில் ஏற்றிவிட்டால் போதும், அங்கிருந்து ஆப்பிளின் சேவைக்கு அது கைமாற்றிவிடும்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளை நம்பி இறங்குபவர்கள் இங்கேதான் முதலில் முட்டிக்கொள்கிறார்கள். முன்பு ‘சர்வர் கீ’ என்ற ஒரே மாறாத சாவியை வைத்துச் செய்தி அனுப்பலாம். அந்தப் பழைய வாசலைக் கூகுள் 2024-இல் மூடத் தொடங்கிவிட்டது. இப்போது இருப்பது ‘எச்.டி.டி.பி. வி1’ என்ற புதிய வாசல். அதில் நிரந்தரச் சாவி கிடையாது. சேவைக் கணக்கு, அதாவது சர்வருக்கென்று கூகுளில் உருவாக்கும் கணக்கு ஒன்றின் மூலம் சுமார் ஒரு மணி நேரம் மட்டுமே செல்லும் அனுமதியைப் பெற்று, அது காலாவதியானதும் புதிதாகப் பெற வேண்டும். தொல்லையாகத் தோன்றினாலும் இது நல்ல மாற்றம். பழைய சாவி வெளியே கசிந்திருந்தால் யார் வேண்டுமானாலும் சங்கத்தின் பெயரில் பொய்யான புயல் எச்சரிக்கை விட்டிருக்க முடியும். சேவைக் கணக்கின் கோப்பும் சர்வரில் மட்டும்தான் இருக்க வேண்டும். செயலிக்குள் வைத்துவிட்டால், செயலியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவரும் எடுத்துவிடுவார்.

டோக்கன் மாறக்கூடியது என்பதை மறந்துவிட்டுக் கட்டிய அமைப்புகள் நாளாக நாளாகக் கெட்டுப்போகும். செயலியை நீக்கி மறுபடி நிறுவினால் மாறும். செயலியின் தரவை அழித்தாலும், புதிய போனுக்கு மாறினாலும் மாறும். உப்புக் காற்றும் கடல் நீரும் படும் தொழிலில் போன் அடிக்கடி பழுதாகும். புதிய போன் வாங்கியவுடன் பழைய டோக்கன் செத்துவிடும். அத்தகைய முகவரிக்கு அனுப்பும்போது ‘பதிவில் இல்லை’ என்ற பொருளில் பிழைச் செய்தி திரும்பி வரும். வந்தவுடன் அந்த வரியைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் 270 நாள் தொடர்பே இல்லாமல் கிடந்த டோக்கன் காலாவதியானதாகக் கொள்ளப்படும். ஒவ்வொரு டோக்கனுக்கும் பக்கத்தில், கடைசியாக எப்போது உறுதி செய்யப்பட்டது என்ற தேதியையும் எழுதிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் நம்மிடம் பதிந்தவர்கள் என்று காட்டும் எண்ணிக்கையில் பாதி ஆள் இல்லாத முகவரியாக இருக்கும்; சங்கக் கூட்டத்தில் அதை நம்பிப் பேசிக்கொண்டிருப்போம்.

டவர் இல்லாத கடலில்

தமிழ்நாட்டில் மிக நீளமான கடற்கரை கொண்ட மாவட்டம் ராமநாதபுரம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. பாம்பன்காரர்களுக்கு வடகடல், தென்கடல். தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என நீளும் இந்தக் கரையில் ஊருக்குள் இணைய இணைப்புக்குப் பெரிய குறையில்லை. படகு ஏறிய பிறகு நிலைமை வேறு. கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டரைத் தாண்டினால் கைபேசித் தொடர்பு கிடைப்பது அரிது.

பாக் நீரிணையில் இன்னொரு சங்கடமும் உண்டு. தனுஷ்கோடி முனையில் நின்றாலே சில போன்கள் இலங்கை நிறுவனத்தின் சிக்னலைப் பிடித்துக்கொள்கின்றன. திரையில் டவர் நிறையக் காட்டும்; சர்வதேச ரோமிங் இல்லாத சிம்மில் டேட்டா ஓடாது. பார்ப்பவர் ‘டவர் இருக்கிறது, செய்தி எதுவும் இல்லை, அப்படியானால் எச்சரிக்கை எதுவும் இல்லை’ என்று நினைத்துக்கொள்வார். செய்தி வராததையே நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளும் இந்த இடம்தான் மிகவும் ஆபத்தானது. அதனால் செயலியின் முகப்பில் ‘கடைசியாகத் தகவல் வந்த நேரம்’ என்று ஒரு வரி பெரிய எழுத்தில் நிற்க வேண்டும். அது 6 மணி நேரத்துக்கு முந்தையது என்றால் நிறம் மாற வேண்டும். அறிவிப்பு வசதியைப் பற்றிப் பேசும் எந்த வழிகாட்டியிலும் இது இருக்காது. இந்தக் கடலுக்கு இது இல்லாமல் முடியாது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்க ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களிடம் எச்சரிக்கையைச் சேர்க்க வழியே இருக்கவில்லை. அதன் பிறகுதான் ‘ஜெமினி’ என்ற கருவி வந்தது. 2019-இல் அறிமுகமான இந்தக் கருவி, ககன் செயற்கைக்கோள் வழியாக இன்காய்ஸ் தரும் எச்சரிக்கையை வாங்கி, ப்ளூடூத் மூலம் பக்கத்தில் இருக்கும் போனின் செயலிக்குக் கொடுக்கும். கருவியிலிருந்து கரைக்குப் பதில் அனுப்ப முடியாது. இரு வழியிலும் பேசக்கூடிய, இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களைப் படகுகளில் பொருத்தும் திட்டம் அதற்குப் பின்னர் வந்தது. நாம் கட்டும் செயலி இவற்றின் இடத்தைப் பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. புறப்படுவதற்கு முன் முடிவெடுக்க உதவுவதும், கரையோரம் தொழில் செய்பவரை எட்டுவதும், கரையில் இருப்பவர் மூலம் கடலில் இருப்பவரை எட்டுவதும்தான் அதன் வேலை. இந்த எல்லையைச் செயலியை நிறுவும் நாளிலேயே மீனவரிடம் சொல்லிவிட வேண்டும்.

செய்தியின் ஆயுள்

போன் தொடர்பில் இல்லாதபோது செய்தி எங்கே போகிறது? எஃப்.சி.எம். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, போன் மீண்டும் தொடர்புக்கு வந்ததும் கொடுக்கும். எவ்வளவு காலம் பிடித்து வைக்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் 4 வாரம், அதாவது 28 நாள் வைத்திருக்கும். அதுதான் உச்ச வரம்பும். சுழியம் என்று குறித்தால், இப்போதே கொடுக்க முடிந்தால் கொடு, இல்லையென்றால் விட்டுவிடு என்று பொருள்.

பெரும்பாலான செயலிகள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. நகரத்தில் எந்நேரமும் தொடர்பில் இருக்கும் போனுக்கு அதனால் பெரிய கேடில்லை. இங்கே கேடு உண்டு. நேற்று மாலை ‘இன்று இரவு கடலுக்குப் போக வேண்டாம்’ என்று அனுப்பிய செய்தி, மறுநாள் காலை படகு கரையை நெருங்கும்போது போனில் வந்து குதித்தால் ‘இன்று இரவு’ என்பது எந்த இரவு? அடுத்த நாள் தொழிலை விட்டுவிட்டு வீட்டில் இருந்தவர், அது பழைய செய்தி என்று தெரிந்த பிறகு அந்தச் செயலியை எப்படி நம்புவார்? ஆகவே இரண்டு காரியம் செய்ய வேண்டும். எச்சரிக்கை எந்த மணி வரை செல்லும் என்று வானிலை ஆய்வு மையம் சொல்கிறதோ அதுவே செய்தியின் ஆயுளாக இருக்க வேண்டும். செய்தியின் வாசகத்தில் ‘இன்று’, ‘நாளை’ என்று எழுதாமல் கிழமையும் தேதியும் மணியும் எழுத வேண்டும். பாலம் திறக்கும் தகவலுக்கு ஒரு மணி நேர ஆயுள் போதும். ஏல விலைக்கு இரண்டு மணி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் பற்றிய அறிவிப்பு நாள்கணக்கில் காத்திருந்தாலும் பாதகமில்லை. ஐபோனுக்கு அனுப்பும்போது ஆயுளை இத்தனை நொடி என்று சொல்லாமல், இன்ன நேரத்தில் காலாவதி என்று சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிட்டு விழிப்பவர்கள் உண்டு.

இதோடு சேர்ந்த இன்னொரு ஏற்பாடு, புதிய செய்தி பழையதை மாற்றுவது. 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, பாம்பனுக்கு அருகே நகராமல் நின்று வலுவிழந்தது. அப்படிப்பட்ட நாட்களில் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை வானிலை அறிக்கை மாறும். ஒவ்வொன்றையும் தனிச் செய்தியாக அனுப்பினால், தொடர்பு திரும்பிய போனில் எட்டு எச்சரிக்கைகள் அடுக்காக விழும். எது கடைசி என்று அந்த அவசரத்தில் யார் பார்ப்பார்? ஒரே எச்சரிக்கையின் புதிய பதிப்புகளுக்கு ‘கொலாப்ஸ் கீ’ என்ற ஒரே அடையாளச் சொல்லைக் கொடுத்துவிட்டால், காத்திருக்கும் பழையதை நீக்கிவிட்டுக் கடைசியானதை மட்டும் எஃப்.சி.எம். வைத்துக்கொள்ளும். ஒரு போனுக்கு ஒரே நேரத்தில் 4 விதமான கீகள் வரைதான் அது கையாளும். ஆகவே புயலுக்கு ஒன்று, அலைக்கு ஒன்று, பாலத்துக்கு ஒன்று என்று முன்கூட்டியே பங்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கீ இல்லாத செய்திகள் ஒரு போனுக்கு 100-க்கு மேல் தேங்கினால், தேங்கியவை மொத்தமும் கைவிடப்படும். அந்த நிலையில் செயலி சர்வரிடம் நேரடியாகக் கேட்டு இன்றைய நிலவரத்தை வாங்கிக்கொள்ளும்படி எழுதியிருக்க வேண்டும்.

உரக்கச் சொல்வதும் மெல்லச் சொல்வதும்

ஆண்ட்ராய்டு 6 வந்த 2015 முதல், சும்மா கிடக்கும் போன் உறக்கத்துக்குப் போய்விடுகிறது. சாதாரண முன்னுரிமையில் அனுப்பிய செய்தி அது விழிக்கும்வரை காத்திருக்கும். உயர் முன்னுரிமையில் அனுப்பியது போனை எழுப்பும். எல்லாவற்றையும் உயர் முன்னுரிமையில் அனுப்பினால் என்ன என்று தோன்றும். பயனாளர் கண்ணில் படாத வேலைகளுக்கெல்லாம் உயர் முன்னுரிமையைச் செலவழிக்கும் செயலியைக் கவனித்து, அதன் செய்திகளைக் கூகுளே கீழிறக்கிவிடலாம். அது தொழில்நுட்பக் காரணம். அதைவிடப் பெரிய காரணம் மனிதர்.

2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், ஒவ்வொரு அறிவிப்பும் ஏதாவது ஒரு சேனலை, அதாவது அறிவிப்பு வகையை, சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சேனலுக்கும் தனி ஒலி, தனி அதிர்வு, தனி முக்கியத்துவம். பயனாளர் தனக்கு வேண்டாத சேனலை மட்டும் அணைத்துவிட முடியும். கடற்கரைச் செயலிக்கு இதைவிடப் பொருத்தமான வசதி வேறில்லை. ‘கடல் எச்சரிக்கை’ ஒரு சேனல், உச்ச முக்கியத்துவத்தோடு, வேறு எந்தச் செயலிக்கும் இல்லாத ஒலியோடு. ‘துறைமுகம், பாலம்’ நடுத்தரம். ‘ஏலம், விலை, சங்கச் செய்தி’ ஒலியே இல்லாமல். நண்டு விலை சலித்துப்போய் ஒருவர் மூன்றாவதை அணைத்தாலும் முதலாவது உயிரோடு இருக்கும்.

பல செயலிகள் எல்லாவற்றையும் ஒரே சேனலில் போட்டு அனுப்புகின்றன. பண்டிகை வாழ்த்தும், உறுப்பினர் சந்தா நினைவூட்டலும், வலை விற்பனை விளம்பரமும், புயல் எச்சரிக்கையும் ஒரே ஒலியில் வருகின்றன. மூன்றாவது விளம்பரத்தில் மீனவர் அறிவிப்பையே அணைத்துவிடுவார். அவர்மேல் குற்றமில்லை. இரவு 2 மணிக்குப் புறப்பட வேண்டிய மனிதர் 10 மணிக்குத் தூங்கும்போது வாழ்த்துச் செய்தியால் எழுப்பப்பட்டால் வேறென்ன செய்வார்? ஒருவர் அறிவிப்பை அணைத்த அந்த நிமிடத்திலிருந்து நம் எச்சரிக்கை அவருக்கு இல்லை. இதைத் தெரிந்தே விளம்பரத்தை அந்தச் சேனலில் விடுபவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சேனலை ஒருமுறை உருவாக்கிய பிறகு அதன் முக்கியத்துவத்தையோ ஒலியையோ செயலியால் மாற்ற முடியாது. பயனாளர்தான் மாற்ற முடியும். நீக்கிவிட்டு அதே அடையாளத்தில் மீண்டும் உருவாக்கினாலும் பழைய அமைப்புகளே திரும்பி வரும். அதனால் முதல் வெளியீட்டுக்கு முன்பே இதை முடிவு செய்தாக வேண்டும்.

அனுமதி கேட்பதும் இதைப் போன்றதுதான். ஐபோன் எப்போதும் கேட்கும். ஆண்ட்ராய்டு 2022-இல் வந்த 13-ஆம் பதிப்பு முதல் கேட்கிறது. அதற்குப் பிறகு நிறுவப்படும் செயலிக்கு அறிவிப்பு அனுமதி தொடக்கத்தில் இருக்காது. ஐபோனில் ஒரு முறை மறுத்தால் அந்தக் கேள்வி மறுபடி வராது. ஆண்ட்ராய்டில் இரண்டு முறை மறுத்தால் அதோடு சரி. செயலி திறந்த முதல் நொடியில், இது என்ன ஏது என்று தெரிவதற்கு முன்பே அந்தக் கேள்வியை நீட்டுவது கைக்கு வந்ததைத் தட்டிவிடுவதற்குச் சமம். முதலில் ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், எந்தக் கடல் என்று கேளுங்கள், ‘தென்கடலில் காற்று எச்சரிக்கை வந்தால் உடனே சொல்லட்டுமா’ என்று உங்கள் திரையில் கேளுங்கள். ஆம் என்று தொட்ட பிறகு போனின் கேள்வியைக் காட்டுங்கள்.

சில நிறுவனங்களின் போன்களில் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணியில் இருக்கும் செயலிகளை அடக்கிவைக்கும் அமைப்பு உண்டு. செயலியை வலுக்கட்டாயமாக நிறுத்திவிட்டால், அதை மறுபடி திறக்கும்வரை எந்தச் செய்தியும் வராது. விலை குறைந்த போன்கள் அதிகம் புழங்கும் கரையில் இதற்கான அமைப்பை எங்கே போய் மாற்ற வேண்டும் என்பதைப் படத்தோடு காட்டும் ஒரு பக்கம் செயலிக்குள் இருப்பது அவசியம்.

வாசகம்

ஒரு செய்தியில் 4,096 பைட்டு வரை அனுப்பலாம். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டு எடுத்துக்கொள்ளும். ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என நான்கு குறிகள் கொண்ட ‘மீன்’ என்ற சொல் மட்டும் 12 பைட்டு. அப்படியும் ஆயிரத்து முந்நூறு குறிகளுக்கு மேல் இடமுண்டு, தாராளம். போன் திரையில் மடித்த நிலையில் தெரிவது ஒரு வரிதான் என்பதால் நம்மைக் கட்டிப்போடுவது அந்த ஒரு வரி. ‘அன்பார்ந்த மீனவப் பெருமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு, சென்னை வானிலை ஆய்வு மையத்தின்…’ என்று தொடங்கினால் அந்த ஒரு வரியில் மரியாதை மட்டும்தான் தெரியும்.

இப்படி எழுதிப் பாருங்கள். தலைப்பில்: ‘தென்கடல்: கடலுக்குப் போக வேண்டாம்’. அடுத்த வரியில்: ‘புதன் காலை 6 முதல் வியாழன் மாலை 6 வரை காற்று மணிக்கு 45–55 கி.மீ.’ அதற்கடுத்து: ‘வானிலை ஆய்வு மையம், செவ்வாய் மதியம் 1 மணி அறிக்கை.’ முதல் வரியை மட்டும் பார்த்தவருக்கும் செய்ய வேண்டியது தெரிந்துவிடும். யார் சொன்னது, எப்போது சொன்னது என்பது கட்டாயம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போன ஆண்டின் புயல் படங்கள் சுற்றும் காலத்தில், எச்சரிக்கையை எச்சரிக்கையாக நம்பச் செய்வது அந்தக் கடைசி வரிதான். செயலி நடத்துபவர் தாமாகக் காற்று நிலவரம் கணித்து எழுதக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காரணமும் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. கள்ளக்கடல். இந்தியப் பெருங்கடலின் தெற்குக் கோடியில் எங்கோ வீசிய பெருங்காற்றில் எழுந்த நீண்ட அலை, நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் ஏறும். இங்கே வானம் தெளிந்திருக்கும், காற்றும் இருக்காது. ‘கடல் சீற்றம்’ என்று மட்டும் அனுப்பினால், கரையில் நின்று கடலைப் பார்த்தவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ‘காற்று இல்லாவிட்டாலும் தொலைவிலிருந்து வரும் அலை ஏறும், வள்ளங்களை ஒன்றோடொன்று மோதாத இடைவெளியில் கட்டுங்கள்’ என்று எழுதினால் நம்புவார், வேலையும் நடக்கும்.

யாருக்கு

ஒவ்வொரு டோக்கனுக்கும் தனித்தனியாக அனுப்பாமல், பொருள்வாரியாகக் குழு அமைத்து அனுப்பும் வசதிக்கு டாபிக் என்று பெயர். வானிலை போன்ற பொதுத் தகவலுக்கு இது பொருந்தும். செயலி வைத்திருக்கும் எவரும் எந்த டாபிக்கிலும் சேர முடியும் என்பதால் ரகசியமான எதையும் அதில் அனுப்பக் கூடாது. டாபிக்கின் பெயரில் தமிழ் எழுத்துகளை ஏற்காது. உள்ளே ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு திரையில் மட்டும் தமிழில் காட்ட வேண்டும்.

இந்தக் கரையில் குழுக்களைப் பிரிப்பது ஊர்ப் பெயரால் மட்டும் முடிகிற காரியம் அல்ல. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற முறை இருக்கிறது. ஒருவருடைய தொழில் நாள் மற்றவருக்கு ஓய்வு நாள். வாடைக் காற்றின் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்றின் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும். பாம்பனில் பருவத்துக்கு ஏற்பப் படகை இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கு மாற்றுபவர்கள் உண்டு. எனவே கடல், படகு வகை, இறங்குதளம் என மூன்று விதமான டாபிக்குகளை வைத்து, ‘தென்கடல், அதிலும் நாட்டுப்படகு’ என்று சேர்த்து அனுப்ப வேண்டும். இப்படி ஒரே நிபந்தனையில் 5 டாபிக் வரை சேர்க்கலாம். கடலை மாற்றிக்கொள்ளும் பொத்தான் முகப்பிலேயே இருக்க வேண்டும். மாற்றியவுடன் பழைய டாபிக்கிலிருந்து விலக்குவதை மறந்தால் இரண்டு கடலின் எச்சரிக்கையும் வந்து குழப்பும்.

டாபிக்கில் அனுப்புவது நிறையப் பேருக்கு ஏற்றதே தவிர, அதிவேகத்துக்கென்று வடிவமைத்தது அல்ல. நிமிடங்கள் முக்கியமான செய்திக்கு டோக்கன் பட்டியலுக்கே நேராக அனுப்புவது மேல். ஒரு முறைக்கு 500 டோக்கன் வரை சேர்த்து அனுப்பலாம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அத்தகைய நாளில் இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது.

இருப்பிடத்தைக் கேட்டுத் தானாகவே கடலைக் கண்டுபிடித்தால் வசதிதானே என்று செயலி எழுதுபவர் சொல்வார். வேண்டாம். எல்லைக் கோட்டுக்கு அருகே தொழில் நடக்கும் கடலில், ஒரு படகு எப்போது எங்கே இருந்தது என்ற பதிவு யார் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை இந்தக் கரையில் விளக்க வேண்டியதில்லை. காற்று எச்சரிக்கை சொல்ல ஊர்ப் பெயரும் கடலின் பெயரும் போதும். தேவைக்கு மேல் தகவல் வாங்காதே என்பதுதான் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்வது.

போய்ச் சேர்ந்ததா

எஃப்.சி.எம். ‘வெற்றி’ என்று ஓர் எண்ணைத் திருப்பித் தந்தால், செய்தியை அது ஏற்றுக்கொண்டது என்று மட்டுமே பொருள். போனுக்குப் போனதா, ஒலித்ததா, ஒருவர் பார்த்தாரா என்பதெல்லாம் அதில் இல்லை. தெரிய வேண்டுமானால் செயலியே பதில் அனுப்பும்படி எழுத வேண்டும். எச்சரிக்கைச் செய்திக்குக் கீழே ‘பார்த்துவிட்டேன்’ என்று ஒரு பொத்தான். தொட்டால் சர்வருக்குத் தகவல் வரும்.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு பொத்தானும் வேண்டும்: ‘படகுக்குச் சொல்லிவிட்டேன்’. கடலில் இருப்பவரின் போன் எட்டாதபோது, வீட்டில் இருக்கும் மனைவியின் போனும், சங்க அலுவலகத்தில் இருப்பவரின் போனும் எட்டும். விசைப்படகுகளில் வி.எச்.எஃப். எனும் ரேடியோ பேச்சுக் கருவி இருக்கிறது, கரையில் அதை வைத்திருப்பவர் சொல்லிவிட முடியும். ஆகவே படகின் பெயரில் ஒரு போனை மட்டும் பதியாமல், கரையில் இருக்கும் இருவரையும் சேர்த்துப் பதிவு செய்துகொண்டால், அரை மணி நேரத்துக்குள் எந்தப் படகுக்குப் பதில் வரவில்லை என்ற பட்டியல் சங்கத்தின் கையில் இருக்கும். அந்தப் பட்டியலில் இருப்பவர்களைப் போனில் அழைக்க வேண்டும்; ஸ்மார்ட்போனே இல்லாதவர்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். தமிழ் எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு செய்திக்கு 70 குறிதான் கொள்ளும். வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்து அனுமதி வாங்கியிருக்கவும் வேண்டும். புயல் வந்த பிறகு வாசகத்தைப் பதியக் கிளம்பினால் நடக்காது.

2023-இல் அரசு சோதிக்கத் தொடங்கிய செல் ஒளிபரப்பு எச்சரிக்கை, டவரின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களிலும் செயலியும் இணையமும் இல்லாமலேயே ஒலிக்கும். உயிர் காக்கும் கடைசி எச்சரிக்கை அந்த வழியில் வரட்டும். எந்தக் கடல், எந்தப் படகு, எந்த மணி வரை என்ற விவரத்தைச் செயலி தரட்டும்.

இவ்வளவையும் சோதித்துப் பார்க்க ஏற்ற காலம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள். நான்கு விலையில் நான்கு நிறுவனங்களின் போன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாவது ஐந்தாறு ஆண்டு பழையதாக இருக்கட்டும். விமானப் பயண நிலையில் போட்டு, மூன்று பதிப்பாக எச்சரிக்கை அனுப்பி, இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்து, ஒன்று மட்டும் வருகிறதா என்று பாருங்கள். ஆயுள் முடிந்த ஏல விலை வராமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இரவு முழுக்கத் தொடாமல் வைத்து விடியற்காலை 3 மணிக்கு அனுப்புங்கள். பாலிதீன் பையில் சுற்றிய போனை, இன்ஜின் ஓடும் வள்ளத்தில் வைத்து, எச்சரிக்கை ஒலி காதில் விழுகிறதா என்று மீனவரையே கேளுங்கள். விழவில்லை என்றால் ஒலியை மாற்ற வேண்டும். சேனலின் ஒலியைப் பிறகு மாற்ற முடியாது என்பதால், இந்த ஒரு சோதனையை மட்டுமாவது வெளியீட்டுக்கு முன் முடித்துவிட வேண்டும்.